மூலையில் ஒருவர் இருந்தார்

காயத்ரி கேட்ட கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. சிரித்துச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்த பிறகுதான், அதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது என்று தெரிந்தது. ஆகவே எழுதுகிறேன்.

காயத்ரி சென்னைப் பிள்ளை. மொன்றியலில் படிக்க வந்து, நான் முன்பு வேலை செய்த கந்தோரிலேயே வேலைக்குச் சேர்ந்தவள். பழைய கட்டடங்களை அளந்து படமாக்குவதுதான் அந்தக் கந்தோரின் தொழில். பதினாறு வருடம் அளவுநாடாவையும் தூக்குக்குண்டையும் வைத்துக்கொண்டு நான் செய்த வேலையை, அவள் மூன்று காலில் நிற்கும் ஒரு பெட்டியைக் கொண்டு செய்கிறாள். பெட்டி தன்பாட்டில் ஒரு சுற்றுச் சுற்றும். நாலு நிமிடம். சுவரில் உள்ள ஆணி ஓட்டை வரைக்கும் எல்லாம் கணினிக்குள் போய்விடும். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

அவள் கேட்டது இதுதான். "ஒரு மூலைதானே சார் விட்டுப்போச்சு? சாஃப்ட்வேர்ல ஃபில் பண்ணிடலாம். அதுக்கு ஏன் சார் இவ்வளவு டென்ஷன் ஆகறீங்க?"

நான் யாழ்ப்பாணத்தில் படவரைஞர் பயிற்சி முடித்து, அரசாங்கக் கந்தோர் ஒன்றில் மதகும் பாலமும் பள்ளிக்கூடக் கழிவறையும் வரைந்தவன். எண்பதுகளின் கடைசியில் இங்கே வந்தேன். நாலு வருடம் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். கோப்பை கழுவியதைப் பற்றி எங்களில் எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் விடுகிறேன். பிறகு பத்திரிகை விளம்பரம் ஒன்றைப் பார்த்துக்கொண்டு மதாம் செலினிடம் போனேன்.

மதாம் செலின் கட்டடக் கலைஞர். அந்தச் சிறிய கந்தோரின் சொந்தக்காரியும் அவர்தான். மெலிந்த பெண்மணி. காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கட்டைப் பென்சில் இருக்கும். நேர்முகத் தேர்வில் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாடாவைக் கையில் தந்து, தன்னுடைய அறையை அளந்து வரையச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்து என் படத்தைப் பார்த்தார். எந்தப் படத்தையும் வலப்பக்கக் கீழ்மூலையில் தொடங்கித்தான் பார்ப்பார். பிழை கண்டால் வாய் திறக்கமாட்டார். அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துவிட்டுச் சும்மா நிற்பார். நாங்களாகக் கண்டுபிடிக்கும் வரைக்கும் அந்த விரல் அசையாது. அன்று விரலை நாலு மூலைக்கும் மாற்றி மாற்றி வைத்தார்.

"இந்த அறையில் ஒரு செங்கோணமும் இல்லை, மெசியே நாதன்" என்றார். "தொண்ணூறு பாகை என்பது ஆசை. அளவல்ல."

ஆனாலும் வேலை தந்தார். என் எழுத்து அழகாக இருந்தது என்று பிற்பாடு ஒருநாள் சொன்னார். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

அவருடைய முறை இப்படி. ஓர் அறைக்குள் போனால் நாலு பக்கமும் அளக்க வேண்டும். பிறகு இரண்டு மூலைவிட்டங்கள், ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு. பக்கங்கள் நாலும் சரியாக இருந்தாலும் அறை சரிந்து நிற்கலாம். மூலைவிட்டந்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். அளந்ததைக் கந்தோரில் முழுக்கோடாக வரையலாம். ஏதாவது காரணத்தால் அளக்க முடியாமற் போனதைப் புள்ளிக்கோடாகத்தான் வரைய வேண்டும். அலுமாரி மறைத்தது, பூட்டுத் திறக்கவில்லை, நாய் விடவில்லை, எதுவானாலும் புள்ளிக்கோடு. வருடக்கணக்கில் இதைப் பிசகாமல் செய்தேன். ஒரு தடவை பிசகினேன். அது ஒரு குடிக்கும் இடத்தில் நடந்தது.

நகரின் நடுவில், மலைப்பக்கமாக ஏறும் தெரு ஒன்றில் அந்தப் பழைய ஆங்கிலேய பப் இருந்தது. பெயர் வேண்டாம். வாசலுக்கு மேலே தொங்கிய பலகையில் ஒரு கொக்கு மட்டும் இருந்தது, எழுத்தையெல்லாம் எப்போதோ பூசி அழித்துவிட்டார்கள். நான் என் குறிப்புப் புத்தகத்தில் "கொக்குக் கடை" என்று எழுதிவைத்தேன். வெளியே மொன்றியலின் சாம்பல்நிறக் கல். உள்ளே போனால் ஆள் வேறு ஊருக்கு வந்துவிடுவார். இங்கிலாந்தில் செய்து, பெட்டி பெட்டியாகக் கட்டி, கப்பலில் கொண்டுவந்து இந்தக் கல்லுக்குள் பூட்டிய மரவேலை என்று கதை. கவுண்டர் மட்டும் முப்பத்தொரு அடி நீளம். சிவந்த மஹோகனி. முழங்கை ஊன்றி ஊன்றி விளிம்பு ஓர் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. பின்னால் கூரை வரைக்கும் ஏறும் தட்டுகள், இடையிடையே சிறு தூண்கள், ஓரம் கறுத்த பெரிய கண்ணாடிகள். கூரை பூப்போட்ட தகரம். ஒருகாலம் வெள்ளையாக இருந்திருக்கும். எத்தனையோ தலைமுறை ஊதித் தள்ளிய புகையில் பால்விட்ட தேத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தது.

கவுண்டரின் கடைசி முனையில், சந்துப் பக்கச் சுவரோடு ஒட்டி, ஒரு சின்ன அறை இருந்தது. அறை என்பதைவிடப் பெட்டி என்று சொல்லலாம். ஏழடி அகலம், ஆறடி ஆழம். பின்னால் சுவர், சுவரோடு இரண்டு மூன்று பேர் இருக்கக்கூடிய ஒரு வாங்கு, இரண்டு பக்கமும் மரத்தடுப்பு, முன்னால் கவுண்டர். வாங்கு முடியும் இடத்தில், சந்திலிருந்து நேரே உள்ளே வரத் தனிக் கதவு. கவுண்டருக்கு மேலே, முகம் வரும் உயரத்தில், பூக்கொடி செதுக்கிய மங்கல் கண்ணாடிச் சிறகுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் தன் அச்சில் திரும்பும். வேண்டியதைக் கேட்க ஒன்றைக் கொஞ்சம் திருப்பினால் போதும். ஊற்றிக் கொடுப்பவருக்குக் கை தெரியும், முகம் தெரியாது. ஆரும் காணாமல் குடிக்க விரும்பியவர்களுக்கும், ஆண்களோடு வெளியே நிற்க முடியாத பெண்களுக்கும் அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு. மனிதர்களை மறைப்பதற்கு இவ்வளவு அழகாக மரவேலை செய்ததை நான் வேறெங்கும் காணவில்லை.

அப்போது என் மனைவி பவானி மகளோடு டொரோண்டோவில் இருந்தாள். மகளின் படிப்புக்காகப் போனார்கள். எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் பாதிக்கு மேல் டொரோண்டோ போகும் நெடுஞ்சாலையால் போய்விட்டன. நான் வேலைக்காக மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியிலேயே நின்றுகொண்டேன். ஒரு வருடம் என்றுதான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தொலைபேசி எடுப்பாள்.

"இப்ப எங்கையப்பா வேலை?"

"ஒரு பழைய கட்டடம்."

"என்ன கட்டடம்?"

"மரவேலை கூடின கட்டடம்."

"கோயிலோ?"

"ஓமோம், அந்த மாதிரித்தான். சனம் தவறாமல் வருகினம்."

தவறணைக்குள், ஒரு குடிக்கிற இடத்துக்குள், நிற்கிறேன் என்று எப்படிச் சொல்வது? எங்கள் குடும்பத்தில் அந்தச் சொல்லை ஒரு மனிதனோடு சேர்த்துச் சொன்னால் அவனுடைய கதை முடிந்தது என்று அர்த்தம். நான் வாழ்க்கையில் குடித்ததும் கிடையாது. அந்த வேலை முடியும் வரைக்கும் இஞ்சிச் சோடாதான் குடித்தேன்.

வேலைக்குக் காரணம் இருந்தது. பப்பைப் புதிதாக வாங்கியவர் அந்தச் சின்ன அறையை எடுத்துவிட்டு, அங்கே சாப்பாட்டு மேசைகள் போட விரும்பினார். நகரசபைக் குழு ஒரே கேள்விதான் கேட்டது. அந்த அறை ஆதியிலிருந்து உள்ளதா, பின்னால் யாராவது அடைத்ததா? ஆதி என்றால் தொடக்கூடாது. பின்னால் வந்ததென்றால் எடுக்கலாம். பதில் சொல்ல வேண்டியது மதாம் செலின். அளக்க வேண்டியது நான்.

ஐந்து நாள் அளந்தேன். கவுண்டரின் பொருத்துகளில் தச்சர்கள் உளியால் கொத்திய ரோமன் இலக்கங்கள் இருந்தன. பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டும்போது வரிசை பிசகாமல் இருப்பதற்காக. ஒன்றிலிருந்து பதினொன்று வரை இருந்தது, பிறகு பதினாறு. இடையில் நாலு இலக்கத்தைக் காணவில்லை. தொலைந்துபோயிருக்கும் என்று குறித்துக்கொண்டேன். இன்னொன்றும் தெரிந்தது. கவுண்டருக்கும் சந்துச் சுவருக்கும் இடைவெளி ஒரு முனையில் ஏழடி, மறுமுனையில் ஐந்தடி பதினொரு அங்குலம். காணி சரிவு, ஆகவே சுவரும் சரிவு. மரவேலையோ இங்கிலாந்தில் மூலைமட்டம் வைத்துச் செய்தது. கோணல் கோதுக்குள் நேரான பெட்டி.

சின்ன அறையைக் கடைசிக்கு விட்டிருந்தேன். காலையில் சந்துக் கதவால் பீர்ப் பெட்டிகள் வந்து இறங்கும், மத்தியானம் வரைக்கும் வாங்கின் மேல் அடுக்கிக் கிடக்கும். அவற்றை எடுத்து முடிய இரண்டு மணியாகும். இரண்டு மணிக்கு ஆர்தர் வந்துவிடுவார்.

ஆர்தருக்கு எண்பதை ஒட்டிய வயது. இங்கிலாந்தில் பிறந்து, சிறுவயதில் இங்கே வந்தவர். பெரிய கடையொன்றில் மின்தூக்கி இயக்குபவராக வேலை செய்து ஓய்வுபெற்றவர். சந்துக் கதவால் வந்து, தொப்பியைக் கழற்றி வாங்கில் வைத்து, மூலையில் இருப்பார். தலையின் பின்பக்கம் சரியாக அந்த மூலைப் பலகையில் சாயும். அரைக் குவளை பீர் ஐந்து மணி வரைக்கும் போகும். அவர் போக முன்னரே வேலை முடிந்த கூட்டம் உள்ளே நிறைந்துவிடும், நாடா இழுக்க இடமிருக்காது.

"உங்கள் வேலையைப் பாருங்கள், என்னைப் பற்றி யோசிக்க வேண்டாம்" என்றார் முதல் நாள்.

அதை நான் கட்டளையாக எடுத்துக்கொண்டேன். கவுண்டர்ப் பக்க அகலத்தை அளந்தேன், இரண்டு தடுப்புகளின் நீளத்தையும் அளந்தேன். மூலைவிட்டத்துக்கு நாடாவின் நுனி அவருடைய தலைக்குப் பின்னால் போக வேண்டும். அவர் எழும்ப வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன். நாளைக்கும் அவர் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார்.

அந்த மூன்று பின்னேரமும் அவர்தான் கதைத்தார். அவருடைய மனைவி டோரிஸ் இருந்த காலத்தில் இருவரும் சந்துக் கதவால் வருவார்களாம், டோரிஸ் முதலில், அவர் வேலை முடிந்து பிறகு. வெளியறையில் பெண்கள் இருக்க முடியாத காலம். "இந்த மூலை அவளுடையது. எனக்கு அந்த முக்காலி. அவள் போன பிறகு நான் இங்கே மாறி இருந்து பார்த்தேன். இங்கிருந்தால் கதவால் வருகிற ஆள் நேரே தெரிகிறார். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து நான் உள்ளே வருவதை அவள் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது" என்றார்.

நான் இஞ்சிச் சோடாவோடு முக்காலியில் இருந்து கேட்டேன். உண்மையைச் சொன்னால், ஒரு கிழமையில் ஒரு மனிதரோடு நான் அவ்வளவு நேரம் இருந்தது அந்த மூன்று நாளுந்தான். வீட்டுக்குப் போனால் வானொலியைப் போட்டுவிட்டுத்தான் சப்பாத்தைக் கழற்றுவேன்.

எழும்பச் சொல்லியிருக்கலாம், ஒரு நிமிட வேலை. எனக்கு வாய் வரவில்லை. இருக்கிற பெரிய மனிதரை எழும்புங்கள் என்று சொல்வது எங்கள் ஆட்களுக்குச் சின்ன விஷயமில்லை. ஊரில் ஒரு கலியாண வீட்டில், பந்தியில் இருந்த ஒருவரை எழுப்பிவிட்டதை நான் பதின்மூன்று வயதில் பார்த்தேன். இலையில் சோறு போட்டாயிற்று. அவர் எழும்பிப் போன முகம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு நான் பேருந்தில்கூட ஒருவரை விலகச் சொன்னதில்லை.

கந்தோரில் வரையும்போது அந்த அறைக்கு வந்தேன். மூன்று பக்கம் கையில் இருந்தது. சுவர் தெரியும். சுவருக்குச் செங்குத்தாக இரண்டு தடுப்பையும் நிறுத்தினேன். அழகாகப் பொருந்தியது. புள்ளிக்கோடு போட்டிருக்க வேண்டும். புள்ளிக்கோடு போட்டால் மதாம் விரலை வைப்பார், ஏன் என்பார், ஒரு ஆள் இருந்தார் என்று சொல்ல வேண்டும். வெட்கமாக இருந்தது. முழுக்கோடாக இழுத்துவிட்டேன்.

மதாம் படத்தைக் கீழ்மூலையிலிருந்து பார்த்துக்கொண்டு போனார். சின்ன அறையில் நின்றார். பென்சிலை எடுத்துக் கவுண்டர்க் கோட்டையும் தடுப்புக் கோட்டையும் மாறி மாறித் தொட்டார்.

"பார்த்தீர்களா? தடுப்பு கப்பலில் வந்திருந்தால் கவுண்டருக்குச் செங்குத்தாக நிற்கும். இது சுவருக்குச் செங்குத்தாக நிற்கிறது. ஆகவே பிறகு வந்த உள்ளூர்த் தச்சன் சுவரில் மூலைமட்டம் வைத்து அடித்தது. போங்."

பிரெஞ்சில் "நல்லது" என்று அர்த்தம், ஆனால் அவருடைய "போங்" பல விதம். இது திருப்தியான "போங்". மூன்று பக்கம் அளந்திருக்கிறேன்தானே, மனிதர்கள் சுவருக்குச் செங்குத்தாகத்தானே அடிப்பார்கள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அறிக்கை போனது. குழு அனுமதி கொடுத்தது.

மாசி மாதம், நல்ல பனி. தடுப்பைக் கழற்ற முன்னர் ஒவ்வொரு பலகைக்கும் இலக்கம் ஒட்டிப் படம் எடுக்க என்னை அனுப்பினார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்குத் தச்சர்கள் வருவதாக ஏற்பாடு. நான் பின்னேரம் மூன்று மணிக்குப் போனேன். மூலையில் ஆளில்லை.

கவுண்டரில் ஜோசே என்ற பெண் நின்றாள். வருடக்கணக்காக அங்கே வேலை செய்கிறவள்.

"ஆர்தர் எங்கே?"

"அறை மூடப் போகிறது, முன்னால் வந்து இருங்கள் என்று திங்கட்கிழமை முதலாளி சொன்னார். தொலைக்காட்சிக்குக் கீழே ஒரு நாள் இருந்தார். பிறகு வரவில்லை" என்றாள்.

நான் சின்ன அறைக்குள் போனேன். அந்த மூலையை முதல்முறையாக அப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். தலை சாய்ந்து சாய்ந்து பலகையில் ஒரு கையகல இடம் மினுமினுத்தது. நாடாவை எடுத்தேன். நுனியை மூலையில் வைத்துக் கவுண்டர் வரை இழுத்தேன். பிறகு மற்ற மூலைவிட்டம். படத்தை விரித்துப் பார்த்தேன். இரண்டு அங்குலம் வித்தியாசம். திரும்ப அளந்தேன். அதே இரண்டு அங்குலம். தடுப்பு சுவருக்குச் செங்குத்தாக நிற்கவில்லை. கவுண்டருக்குச் செங்குத்தாக நின்றது.

வாங்கின் முதுகுப் பலகையைத் திருகாணி கழற்றி எடுத்தேன். அதற்கும் சுவருக்கும் இடையில் ஒரு தலை தடித்து மறுதலை மெலிந்த சட்டம் ஒன்று இருந்தது. நேரான பெட்டியைக் கோணல் சுவரோடு பொருத்தச் செருகியது. முதுகுப் பலகையின் பின்பக்கத்தில் உளியால் கொத்தியிருந்தது, பன்னிரண்டு. தடுப்புகளின் அடியில் குனிந்து பார்த்தேன். பதின்மூன்று, பதினான்கு. கண்ணாடிச் சட்டத்துக்குக் கீழே பதினைந்து. தொலைந்துபோனதாக நான் குறித்த நாலும் அங்கேதான் இருந்தன. ஆர்தரின் முதுகுக்குப் பின்னால் ஒன்று, என் காலடியில் இரண்டு, என் முகத்துக்கு நேரே ஒன்று.

வாங்கில் இருந்துவிட்டேன். வாய் திறக்காவிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. விடிந்தால் பலகைகள் லொறியில் ஏறிவிடும். எனக்கு ஐம்பத்தாறு வயது. இந்த வேலை போனால் திரும்பக் கோப்பைதான். "விட்டிட்டு இஞ்சை வாங்கோவன்" என்று பவானி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சொல்லுவாள். வேலையால் துரத்தப்பட்ட ஆளாக அவளிடம் போய் நிற்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த மினுங்கல் என் தலைக்குப் பின்னால் இருந்தது. அறை அழிவதற்கு என் கோடு காரணம். கோட்டுக்கு என் வெட்கம் காரணம்.

ஜோசேயிடம் தொலைபேசியைக் கேட்டு வாங்கினேன்.

"மதாம், சின்ன அறையில் என் கோடு அளந்த கோடு இல்லை."

"அங்கேயே நில்லுங்கள்" என்றார்.

அரைமணித்தியாலத்தில் டாக்சியில் வந்து இறங்கினார். பனிச் சப்பாத்தைக்கூடத் தட்டவில்லை. நாடாவின் ஒரு நுனியை என்னிடம் தந்து, மற்றதைத் தானே பிடித்தார். இரண்டு மூலைவிட்டமும் எடுத்தோம். குனிந்து அந்த நாலு இலக்கத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். எழும்பிக் கையைத் துடைத்தார்.

"ஏன்?"

"அந்த மூலையில் ஒருவர் இருந்தார்."

"எழும்பச் சொல்லியிருக்கலாமே?"

"முடியவில்லை, மதாம். வயதானவர். எங்கள் ஆட்களுக்கு அது..."

பிரெஞ்சும் ஆங்கிலமும் இரண்டும் என்னைக் கைவிட்டன. அவர் என் முகத்தைப் பார்க்காமல் படத்தைப் பார்த்தார். நான் இழுத்த கோட்டின் மேல் விரலை வைத்தார். இந்தமுறை கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் விரலை எடுக்கவில்லை.

"எழுப்பாதது உங்கள் மரியாதை, மெசியே நாதன். அதில் எனக்கு வேலையில்லை. அதற்குத்தான் புள்ளிக்கோடு இருக்கிறது."

என் பதினாறு வருட உத்தியோகத்தில் எனக்கு விழுந்த ஏச்சு அது ஒன்றுதான். கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கே தச்சர்களை நிறுத்தினார். தான் கையெழுத்திட்ட அறிக்கையைத் தானே பிழை என்று எழுதித் திருப்பி எடுத்தார். "நாங்கள் அளக்கவில்லை" என்றுதான் எழுதினார். என் பெயர் அதில் இல்லை. புது முதலாளி ஒரு மாதம் துள்ளினார், பிறகு அடங்கினார். அறை தப்பியது. என் வேலையும் தப்பியது. அடுத்த ஒரு வருடம் நான் எந்தப் படத்தைக் கொண்டுபோய் வைத்தாலும் மதாம் முதலில் கேட்பார், "இங்கே யாராவது இருந்தார்களா?" சிரிக்கமாட்டார். ஆனால் கேட்கும்போது பென்சில் காதுக்குப் பின்னாலேயே இருக்கும். பகிடிக்குத்தான் கேட்கிறார் என்று அதில் தெரிந்துகொள்வேன்.

அறையைக் காப்பாற்றியாயிற்று, ஆர்தர் திரும்பி வருவார் என்று நினைத்தேன். வேலை முடிந்து இரண்டு மூன்று தடவை அந்த வழியால் போய் எட்டிப் பார்த்தேன். வாங்கு வெறுமையாக இருந்தது. கடைசியில் ஜோசே எங்கேயோ தேடி அவருடைய தொலைபேசி இலக்கத்தை எடுத்துத் தந்தாள். எடுத்துப் பேசினேன். வரலாம் என்றார்.

ஆர்தர் நகரின் லாசால் பகுதியில் மூன்றுமாடிக் கட்டடம் ஒன்றில் இருந்தார். பங்குனி மாதத்து ஞாயிறு, தெருவெல்லாம் பனி உருகிச் சேறு. அறையில் ஒரு மேசையும் இரண்டு கதிரையும் இருந்தன. ஒரு கதிரையில் பழைய பத்திரிகைகள் குவிந்து கிடந்தன. அவற்றைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு என்னை இருக்கச் சொன்னார். தேத்தண்ணி போட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூலைவிட்டம், இரண்டு அங்குலம், பன்னிரண்டாம் இலக்கம், என்னுடைய கோடு. "ஒரு நிமிடம் உங்களை எழும்பச் சொல்லியிருந்தால் இவ்வளவும் வந்திருக்காது. உங்களைக் குழப்பக்கூடாது என்று விட்டேன். மன்னிக்க வேண்டும்" என்றேன்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்தார்.

"எழும்பியிருப்பேனே! கால் விறைத்துப் போய்த்தான் இருந்தது. மூன்று நாளும் நீங்கள் நாடாவோடு என் தலையைப் பார்த்துப் பார்த்து நின்றீர்கள். இதோ கேட்கப்போகிறார், இதோ கேட்கப்போகிறார் என்று இருந்தேன்." தேத்தண்ணியைக் கலக்கினார். "பாருங்கள், நாதன், வீட்டிலும் நான் இருக்கலாம். ஆராவது என்னிடம் ஏதாவது கேட்பார்கள் என்றுதான் அங்கே போய் இருந்தேன். மின்தூக்கியில் நாள் முழுக்கக் கேட்பார்கள். எத்தனையாம் மாடி, எத்தனையாம் மாடி என்று."

நான் மரியாதை என்று நினைத்துச் செய்தது அவருக்கு எப்படி இருந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தைவிடத் துக்கந்தான் கூட.

"அறை இருக்கிறது, திரும்ப வாருங்கள்" என்றேன்.

"இல்லை. வருவது பழக்கம் என்றால், வராததும் பழக்கந்தான். இப்போது இது பழகிவிட்டது." பிறகு கேட்டார், "வாங்கைக் கழற்றவில்லையே?"

"இல்லை."

"அப்படியானால் நீங்கள் போய் இருங்கள். ஆராவது இருக்க வேண்டும்."

பகிடிக்குச் சொன்னாரோ தெரியாது. அதற்குப் பிறகு இரண்டு தடவை லாசாலுக்குப் போனேன். மூன்றாம் தடவை போனபோது கதவைத் திறந்தது வேறு ஆள்.

ஓய்வுபெற்று இரண்டு வருடமாகிறது. டொரோண்டோவுக்குப் போகிறேன் என்று சொல்லிச் சொல்லி இன்னும் போகவில்லை. போனால் மகள் வீட்டில் நான் விருந்தாளி. பவானிக்குப் பேரப்பிள்ளை, கோயில், சிநேகிதிகள் என்று அங்கே ஒரு வாழ்க்கை உண்டாகிவிட்டது. என்னை வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குத்தான் அங்கே எங்கே இருப்பது என்று தெரிவதில்லை. ஆகவே வியாழக்கிழமைகளில் இரண்டு மணிக்கு மெட்ரோ பிடித்துக் கொக்குக் கடைக்குப் போகிறேன். சந்துக் கதவால் உள்ளே போவேன். மூலையில் இருப்பேன். கண்ணாடிச் சிறகு கொஞ்சம் திரும்பும், ஜோசேயின் கை இஞ்சிச் சோடாவை வைத்துவிட்டுப் போகும். இதையும் பவானிக்குச் சொல்லவில்லை.

போன வியாழன் அந்தக் கட்டடத்தைத் திரும்பப் பதிவுசெய்யக் காயத்ரி பெட்டியோடு வந்தாள். என்னைக் கண்டதும் தயங்கினாள். நான் எழும்பப் போனேன், அவள் விடவில்லை.

"ஐயோ, நீங்க உக்காருங்க சார். பரவால்ல. டிஸ்டர்ப் பண்ணிக்காதீங்க. அது பாட்டுக்கு எடுத்துக்கும்."

பெட்டி சுற்றி முடிந்தது. என் உருவத்தை நீக்கிவிட்டுத் திரையைக் காட்டினாள். கவுண்டர், கண்ணாடிகள், தகரக் கூரை, எல்லாம் புள்ளி புள்ளியாக வந்திருந்தன. வாங்கின் மூலையில் மட்டும் ஒன்றுமில்லை. ஆள் வடிவத்தில் ஒரு கறுப்பு. நான் மறைத்த இடம்.

"மூலை பதியேல்லைப் பிள்ளை" என்றேன்.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் சிரித்தேன் என்று சொன்னேன் அல்லவா, அந்த இடந்தான். அவள் பெட்டியின் கால்களை மடக்கத் தொடங்கினாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"என்னை எழும்பச் சொல்லிக் கேள்."

"சார்?"

"வெட்கப்படாதை. கேளன்."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். கண்ணாடிச் சிறகுக்குப் பின்னால் ஜோசேயின் கை துணியோடு அப்படியே நின்றது.

"சார்... கொஞ்சம் எழுந்திருக்கிறீங்களா, ப்ளீஸ்?"

தடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். எனக்கும் கால் விறைத்துப் போய்த்தான் இருந்தது.